திண்ணையும் தெருவின் உரிமையும்

 

நம் பள்ளிவாசலின் முகப்பு புதுப்பிக்கப்பட்டபோது வாயிலின் இருபுறமும் இருந்த கருங்கல் திண்ணைகள் அகற்றப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். தொழுகை நேரத்தில் அங்கிருந்து பேச்சொலி கேட்கிறது, புறம் பேசப்படுகிறது என்று குறைகூறி, அவற்றை எடுத்துவிடலாம் என்று கருத்துரைத்தவர்களில் அடியேனும் ஒருவன். இப்பொழுது முற்றத்தில் சிமெண்ட் இருக்கைகள் அமைப்பதற்கு நிர்வாகக் குழு வரைபடம் தயாரித்துள்ளது. இந்நேரத்தில், பொது இடங்களில் அமர்வது குறித்து நம் முன்னோர்களின் நடைமுறை என்ன என்று கிதாபுகளைப் புரட்டினேன். அன்று நான் கூறியது ஆராயாமல் கூறியது என்பது விளங்கிற்று.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் வீட்டு முற்றங்களில் அமர்வதற்கும் தெருவோரங்களில் அமர்வதற்கும் ஒரு தனிப் பாடம் அமைத்துள்ளார்கள். அப்பாடம் இடம்பெற்றிருப்பது நல்லொழுக்கங்களைக் கூறும் பகுதியில் அன்று; அநீதிகளைப் பற்றிய 'மழாலிம்' என்னும் பகுதியில்! ஒருவர் அமரும் இடம் மற்றொருவர் நடக்கும் இடமாகவும் இருப்பதால், இது உரிமை சார்ந்த விஷயமாகிறது. அப்பாடத்தின் தொடக்கத்திலேயே ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்காவில் தம் வீட்டு முற்றத்தில் தொழுமிடம் அமைத்து, அங்கே குர்ஆன் ஓதிய செய்தி இடம்பெறுகிறது. குறைஷிப் பெண்களும் சிறுவர்களும் அவரைச் சூழ்ந்து நின்று வியந்து பார்த்தார்கள். அதைக் கண்டுதான் குறைஷித் தலைவர்கள் அஞ்சினார்கள். வீட்டினுள்ளே ஓதியிருந்தால் அவர்கள் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள்.

அதே பாடத்தில், அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் வருகிறது. பாதைகளில் அமர்வதைத் தவிர்ந்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தங்களுக்கு வேறு வழியில்லை என்றும், அவைதாம் தாங்கள் கூடிப் பேசும் இடங்கள் என்றும் தோழர்கள் முறையிட்டார்கள். நபியவர்கள் அந்த முறையீட்டைப் புறந்தள்ளவில்லை. அமரத்தான் வேண்டுமென்றால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். அவ்வுரிமை யாதென வினவப்பட்டபோது பார்வையைத் தாழ்த்துதல், துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவற்றை எடுத்துரைத்தார்கள். வழி தவறியவருக்கு வழிகாட்டுதல், துயருற்றவருக்கு உதவுதல் ஆகியவை வேறு அறிவிப்புகளில் வருகின்றன. இவ்வாறு பல ஹதீஸ்களில் சிதறிக்கிடக்கும் ஒழுங்குகளைப் பதினான்காகத் தொகுத்து, மனனம் செய்வதற்கு ஏதுவாகப் பாட்டாகவும் யாத்தளித்தவர்கள் இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் (கி.பி. 1372–1449). அவர்கள் வாழ்ந்த நகரம் கெய்ரோ. அந்நகரத்தின் திண்ணைகளைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

பள்ளிவாசலின் அருகே பேச்சுக்கென்று ஓர் இடம் அமைப்பது தகுமா என்னும் கேள்விக்கு ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் செயலே விடையாகும். மஸ்ஜிதுந் நபவியில் சிலர் உரத்துப் பேசுவதும் கவிதை படிப்பதும் இருந்தபோது, கலீஃபா அவர்கள் பேசுவோரை விரட்டியடித்துவிட்டு அத்துடன் நின்றுவிடவில்லை. பள்ளியின் ஓர் ஓரத்தில் 'புதைஹா' என்னும் பெயரில் ஒரு திறந்த முற்றத்தைக் கட்டுவித்தார்கள். பேச விரும்புபவரும் கவிதை படிக்க விரும்புபவரும் அங்கே செல்லட்டும் என்று அறிவித்தார்கள். இது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. பல ஆண்டுகளுக்கு முன் மத்ரஸாவில் இதை ஓதியவன்தான் நான். ஆயினும் நம் திண்ணையை இடிக்கச் சொன்ன அன்று இது என் நினைவுக்கு வரவில்லை. பேச்சு இடையூறாக இருந்தால், அதற்கு வேறோர் இடம் கொடுப்பதே உமர் (ரலி) அவர்கள் கண்ட வழி.

மார்க்க அறிஞர்கள் எல்லாத் திண்ணைகளையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்றும் எண்ணிவிடலாகாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு கி.பி. 1111) தமது இஹ்யாவில், வீட்டை ஒட்டித் தெருவில் மேடை கட்டுவதைத் தெருக்களில் நிகழும் தீமைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார்கள். எனினும் அது பாதையைக் குறுக்கி நடப்பவருக்கு இடர் தந்தால்தான் குற்றம். பாதை அகலமாக இருந்து இடரில்லையானால் தடையில்லை. ஸலாஹுத்தீன் அய்யூபி காலத்து அறிஞர் ஷைஸரீ அவர்கள், கடைத்தெருவின் கூரைத் தூண்களின் வரிசையைத் தாண்டிக் கடைக்காரர் தம் மேடையை நீட்டினால், அது நடப்போர் மீதான அத்துமீறல் என்று சந்தை அதிகாரிகளுக்கு எழுதிவைத்தார்கள்.

கெய்ரோவில் இம்மேடைக்கு 'மஸ்தபா' என்று பெயர். எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர் 1836இல் வெளியிட்ட நூலில் இதனை விவரிக்கிறார். கடையின் முன்னே கல்லாலோ செங்கல்லாலோ கட்டப்பட்டு, இரண்டரை முதல் மூன்று அடி உயரமும் ஏறத்தாழ அதே அகலமும் கொண்டிருந்தது. கடைக்காரர் அதில்தான் அமர்ந்திருப்பார். சற்று நேரம் தங்கும் வாடிக்கையாளர் அவர் அருகிலேயே அமர்வார், காப்பி வரும், பேரமும் ஊர்ச்செய்தியும் ஒன்றாக நடக்கும். முகம்மது அலி பாஷாவின் ஆட்சியில் (1805–1848) போக்குவரத்துத் தெருக்களிலிருந்த மஸ்தபாக்கள் பலவும் இடிக்கப்பட்டன. அகன்ற இடங்களில் மட்டும், அதுவும் குறுகலாக, மீண்டும் கட்ட அனுமதி கிடைத்தது.

நம் தமிழகத் திண்ணையும் இதற்கு உறவுமுறைதான். வழிப்போக்கர் இரவு தங்கியதும், பிள்ளைகள் எழுத்துக் கற்றதும், பயணம் போய் வந்தவரிடம் ஊரார் செய்தி கேட்டதும் திண்ணையில்தான். காயல்பட்டினத்தில் பெண்கள் சென்றுவருவதற்கென வீடுகளுக்கிடையே தனி முடுக்குகள் உண்டு. பார்வையைத் தாழ்த்துதல் என்னும் கட்டளை அவ்வூரில் சுவராகவும் பாதையாகவும் எழுந்து நிற்கிறது!

கட்டிடக்கலை பயிலும் நம் முஹல்லா மாணவர் ஒருவர் நியூயார்க் நகரத்துச் செய்தி ஒன்றைக் கூறினார். அங்கு 1961ஆம் ஆண்டு விதியின்படி, கட்டிடத்தின் முன் பொதுவெளி விட்டவர்களுக்குக் கூடுதல் தளங்கள் கட்ட அனுமதி அளிக்கப்பட்டது. வெளிகள் பெருகின, ஆனால் பலவற்றில் ஆளில்லை. வில்லியம் வைட் என்பவர் கேமராவைக்கொண்டு ஆராய்ந்து, உட்கார இடமுள்ள வெளியில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று கண்டார். கேட்கும்போது நகைப்பு வருகிறது. ஆயினும் அதன்பின் 1975இல், ஒவ்வொரு 30 சதுர அடி வெளிக்கும் ஓரடி நீள இருக்கை வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. நகர்த்தக்கூடிய நாற்காலியை மக்கள் உட்காருமுன் தம் விருப்பப்படி சற்றேனும் நகர்த்திக்கொள்வதையும் அவர் கண்டார். முகம் பார்த்துப் பேச மனிதனுக்கு அந்தச் சிறு திருப்பம் தேவைப்படுகிறது போலும்.

இவற்றை ஏன் எழுதுகிறேன்? பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, இங்கே தனித்து வாழ்ந்த பெரியவர் ஒருவர் மூன்று நாட்கள் காய்ச்சலில் கிடந்ததை நான்காம் நாள்தான் அறிந்தோம். அல்லாஹ் அவருக்கு ஷிஃபா அளித்தான். அவர் அஸர் முதல் மக்ரிப் வரை அந்தத் திண்ணையில் அமர்பவர். திண்ணை இருந்திருந்தால் முதல் நாள் அஸரிலேயே "எங்கே அவரைக் காணோம்?" என்று யாரேனும் கேட்டிருப்பார்கள்.

புதிய வரைபடத்தில் நான்கு இருக்கைகள் மதிலோரம் ஒரே வரிசையில், தெருவை நோக்கி வரையப்பட்டுள்ளன. பார்வைக்கு ஒழுங்குதான். ஆனால் ஒரே வரிசையில் இருவர் பேசலாம். நான்கு பேர் பேசவியலாது. அதோடு, அமர்வோரின் கண்கள் நேரே எதிர்வீடுகளின் வாசலில் போய் நிற்கும். அவற்றை வேப்பமரத்தடியில் இரண்டிரண்டாக எதிரெதிரே திருப்பி வைத்தால் இரு குறைகளும் நீங்கும். தொழும் இடத்திலிருந்தும் தூரம் கிடைக்கும். மக்தப் விடும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துச்செல்ல வரும் தாய்மார்கள் வெயிலில் நிற்கிறார்கள். அவர்களுக்கென்று வரைபடத்தில் ஒன்றும் இல்லை. மேற்கு வாசலின் நிழலில், ஆண்களின் இருக்கைக்கு மறைவாக, அவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கவேண்டுமென்று முத்தவல்லி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய திண்ணையின் கருங்கற்களில் ஆறு, சிறிதும் உடையாமல் கபர்ஸ்தான் மதிலோரம் கிடக்கின்றன. பொதுக்குழுவுக்கு முன் ஒருநாள் அஸருக்குப் பின் உறுப்பினர்கள் வந்தால், நானே அழைத்துச்சென்று காட்டுகிறேன். வஸ்ஸலாம்.