திறமூல ஃபயர்வாலை மதிப்பிடும் முறை: பிஎஃப்சென்ஸ் வழிமரபை முன்வைத்து

நிறுவனங்கள் ஃபயர்வால் தேடும்போது பெரும்பாலும் ஓர் ஒப்பீட்டுப் பட்டியலிலிருந்தே தொடங்குகின்றன. நொடிக்கு எத்தனை ஜிகாபிட், எத்தனை விபிஎன் இணைப்புகள், ஊடுருவலைக் கண்டறியும் வசதி உண்டா, விலை என்ன என்று கட்டங்கள் நிரம்புகின்றன. திறமூல ஃபயர்வால் ஒன்றை அதே பட்டியலில் வைத்தால் விலைக் கட்டத்தில் சுழியம் விழும். மற்றக் கட்டங்களிலும் அது பெரிதாகப் பின்தங்காது. இந்தப் பட்டியல் தரும் முடிவு, திறமூலத்துக்கு ஆதரவாக இருந்தாலும் எதிராக இருந்தாலும், நம்பத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டால் அதற்கான திருத்தத்தை எழுதுபவர் யார்? அது நாம் பயன்படுத்தும் பதிப்புக்கு எத்தனை நாளில் வந்து சேரும்? எழுதுபவர் விலகிவிட்டால் நிறுவனம் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறலாம்? இம்மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது. விடை காண வேண்டுமானால் அத்திட்டத்தின் வரலாற்றைப் படித்தாக வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் வளர்ந்த மோனோவால், பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற வழிமரபு அதற்கு ஏற்ற களம். தொடக்கம், கிளைப்பு, முடிவு, வணிகமயம் ஆகிய எல்லாக் கட்டங்களையும் அந்த ஒரே மரபில் காணலாம்.

மானுவேல் காஸ்பர் 2003 பிப்ரவரியில் மோனோவாலை வெளியிட்டார். அது சிறு கணினிப் பலகைகளிலும் ஓடியது. உலாவியிலிருந்தே அதை நிர்வகிக்க முடிந்தது; அமைவு முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்கியது. அடுத்த ஆண்டே கிறிஸ் ப்யூக்லரும் ஸ்காட் உல்ரிச்சும் அதிலிருந்து பிஎஃப்சென்ஸைக் கிளைத்தெடுத்தார்கள். பெயரில் உள்ள ‘பிஎஃப்’ ஓபன்பிஎஸ்டி திட்டத்தின் பாக்கெட் வடிகட்டியைக் குறிக்கும். அந்த வடிகட்டியே ஓர் உரிமத் தகராறில் பிறந்தது. முன்பு பயன்பாட்டிலிருந்த ஐபிஃபில்டரின் உரிமம் திருத்தி வெளியிடும் உரிமையைத் தரவில்லை என்று தெரிந்ததும் ஓபன்பிஎஸ்டி குழு 2001-இல் அதை நீக்கியது. டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப் அந்த இடத்தைப் பிடித்தது. உரிம வரிகளை வழக்கறிஞருக்கு மட்டும் உரியவை என்று கருதும் தகவல்நுட்ப மேலாளர்கள் இந்த நிகழ்வைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

2015 ஜனவரியில் நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் பிஎஃப்சென்ஸிலிருந்து ஓபிஎன்சென்ஸைக் கிளைத்தது. அடுத்த மாதம் 15-ஆம் தேதி, சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த நாளில், காஸ்பர் மோனோவாலை முடித்துக்கொள்வதாக அறிவித்து, பயனர்களை ஓபிஎன்சென்ஸ் பக்கம் போகச் சொன்னார். “ஒருவர் கைவிட்டால் திட்டமே போய்விடும்” என்பது நிறுவனங்கள் சொல்லும் முதல் அச்சம். இந்த மரபில் அது உண்மையிலேயே நடந்தது. நடந்தபோது விளைந்த பாதிப்பு சிறியது. ஆசிரியர் வெளிப்படையாகச் சொன்னார், மூலநிரல் அனைவரிடமும் இருந்தது, மாற்றுவழி தயாராக இருந்தது. திட்டத்தின் மறைவை இவ்வளவு அஞ்சத் தேவையில்லை. திட்டம் உயிரோடிருந்தபடியே மெல்லத் தடம் மாறுவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

பிஎஃப்சென்ஸின் கதை அந்தத் தடமாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. அதன் சமூகப் பதிப்பு அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. அந்த உரிமத்தின்கீழ் நிரலை எடுத்து மூடிய பதிப்பு ஒன்றை உருவாக்கலாம். திட்டத்தை நடத்தும் நெட்கேட் நிறுவனம் 2021 ஜனவரியில் பிஎஃப்சென்ஸ் பிளஸ் என்ற வணிகப் பதிப்பை அறிவித்து அதையே செய்தது. அதன்பின் சமூகப் பதிப்பின் வெளியீட்டு நாள்களைப் பாருங்கள். 2.6.0 பதிப்பு 2022 பிப்ரவரியில் வந்தது, 2.7.0 வர 2023 ஜூன் ஆயிற்று. 2.7.2 அதே ஆண்டு டிசம்பரில் வந்தது, 2.8.0-க்கு 2025 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைக்காலத்தில் முக்கியத் திருத்தங்கள் ஒரு துணைநிரல் வழியாகக் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் அந்தத் துணைநிரலை நிறுவி, திருத்தங்களைத் தேர்ந்து இட ஓர் ஆள் வேண்டும். அடிப்படை இயங்குதளம் ஒன்றரை ஆண்டு பழையதாகவே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டிலும் ஆய்வகத்திலும் பிளஸ் பதிப்பைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வழியும் 2023 அக்டோபரில் அடைக்கப்பட்டது.

இதில் நெட்கேட்டைக் குற்றம் சொல்ல இடமில்லை. நிரலாளர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். உரிமம் அனுமதித்ததைத்தான் அவர்கள் செய்தார்கள். ஆனால் மதிப்பீடு செய்பவரின் கடமை வேறு. ‘பிஎஃப்சென்ஸ் திறமூலமா?’ என்ற கேள்விக்கு இப்போது இரண்டு விடைகள் உண்டு. விரைந்து திருத்தம் பெறும் பதிப்பின் மூலநிரல் முழுமையாகத் திறந்ததில்லை. முழுமையாகத் திறந்த பதிப்பு மெதுவாக நகர்கிறது. ஒப்பீட்டுப் பட்டியலில் இரண்டும் ஒரே பெயரில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

வயர்கார்ட் என்ற விபிஎன் நெறிமுறை தொடர்பான விவகாரம் இன்னொரு நம்பிக்கையைச் சோதித்தது: திறந்த நிரலைப் பலர் பார்ப்பதால் பிழைகள் தப்பாது என்ற நம்பிக்கை. ஃப்ரீபிஎஸ்டி கெர்னலுக்கான வயர்கார்ட் நிரலை நெட்கேட் பணம் கொடுத்து எழுதச் செய்தது. அது 2020 இறுதியில் ஃப்ரீபிஎஸ்டியின் வளர்ச்சிக் கிளையில் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் பிஎஃப்சென்ஸ் 2.5.0 வழியாகப் பயனர்களின் கைக்கும் வந்துவிட்டது. மார்ச்சில் வயர்கார்டை உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்ட் நிரலைப் படித்துப் பார்த்து அதன் குறைகளைப் பொதுவெளியில் அடுக்கினார். போட்டிநிலைப் பிழைகளை மறைக்க ஆங்காங்கே இடப்பட்ட தூக்க அழைப்புகள், எதையும் சரிபார்க்காமல் ‘சரி’ என்று மட்டும் திருப்பி அனுப்பும் சரிபார்ப்புச் செயல்கூறுகள், இடையக மீறல்கள் என்று பட்டியல் நீண்டது. அவரும் வேறு சிலரும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிரலைத் திருத்தி எழுதினார்கள். ஆயினும் ஃப்ரீபிஎஸ்டி 13.0 வெளியாகும் முன் அது நீக்கப்பட்டது. பிஎஃப்சென்ஸும் அடுத்த வெளியீட்டில் அதை எடுத்துவிட்டது.

இந்நிகழ்விலிருந்து இரு தரப்பும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. திறந்திருந்ததால்தான் பிடிபட்டது என்பார்கள் ஒரு தரப்பினர். திறந்திருந்தும் இத்தனை தூரம் வந்துவிட்டதே என்பார்கள் மறுதரப்பினர். என் பார்வையில், திறந்திருப்பது பார்க்கும் வாய்ப்பைத் தருகிறது. பார்க்கும் கடமையை யாருக்கும் அது ஒதுக்குவதில்லை. ஆகவே, புதிய நிரல் உள்ளே வருமுன் குறைந்தது இன்னொருவர் படித்து ஒப்புதல் தரும் வழக்கம் திட்டத்தில் உண்டா என்பதை மதிப்பீட்டாளர் அதன் நிரல் களஞ்சியத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பிற்பகல் போதும். இந்தச் சோதனையைத் திறமூலத்தில்தான் செய்ய முடியும்.

மூடிய பொருள் பாதுகாப்பானது என்ற எதிர்வாதத்துக்குச் சான்றுகள் துணை நிற்கவில்லை. ஜூனிப்பர் நிறுவனம் தன் ஸ்கிரீன்ஓஎஸ் மென்பொருளில் யாரோ புகுத்திய அனுமதியற்ற நிரல் இருப்பதை 2015 டிசம்பரில் அறிவித்தது. அது ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்திருக்கிறது. பாலோ ஆல்டோவின் ஃபயர்வால்களில் 2024 ஏப்ரலில் வெளிப்பட்ட குளோபல்ப்ரொடெக்ட் ஓட்டைக்கு அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து; திருத்தம் வருமுன்பே தாக்குதல் தொடங்கிவிட்டது. ஆனால் அந்நிறுவனங்களிடம் ஒப்பந்தமும், நள்ளிரவில் அழைத்தால் எடுக்கும் தொலைபேசியும் உண்டு. வணிகத்துக்கு அது சிறிய விஷயமல்ல.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு ஜிகாபிட் இணைப்புள்ள நடுத்தர அலுவலகத்தில் பாக்கெட் வடிகட்டலுக்கு இன்றைய சாதாரணச் செயலியே தாங்கும். சூரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்டறிதலை இயக்கினால்தான் செயலியும் நினைவகமும் கணிசமாக வேண்டும். துணைநிரல்களை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். 2022-இல் பிஎஃப்பிளாக்கர்என்ஜி என்ற பிரபலத் துணைநிரலில் கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் அதிகாரம் பெறும் ஓட்டை கண்டறியப்பட்டது. மைய நிரலில் எந்தப் பிழையும் இல்லாமலேயே ஃபயர்வால் முழுவதும் தாக்குபவர் கைக்குப் போக அது வழிசெய்தது. நிறுவன வாயிலில் ஒவ்வொரு துணைநிரலும் தனித் திட்டமாகவே மதிப்பிடப்பட வேண்டும். அதைப் பராமரிப்பவர் ஒருவர்தான் என்றால் நிறுவாமல் இருப்பதே நல்லது.

இந்திய நிறுவனங்களுக்கு மற்றொரு கட்டாயமும் உண்டு. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசர அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்களுக்கு வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். திறமூல ஃபயர்வால் வழக்கமாக ஓடும் சிறு பெட்டியின் சேமிப்பகம் ஆறு மாதப் பதிவுகளைத் தாங்காது. பதிவுகளை வேறொரு சர்வருக்கு அனுப்பும் ஏற்பாட்டின் செலவையும் விலைக் கட்டத்தில் எழுதினால், அங்கே இருந்த சுழியம் மறைந்துவிடும்.

சோதனை ஓட்டத்தைப் பெரும்பாலானோர் வசதிகளைத் தொட்டுப் பார்ப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். நான் பரிந்துரைப்பது வெளியேறும் ஒத்திகை. அமைவுக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறு தயாரிப்பாளரின் வெற்றுக் கணினியில் நிறுவி, அலுவலகம் மீண்டும் இயங்க எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிணைய அட்டைகளின் பெயர்கள் மாறியிருக்கும். அங்கேதான் முதல் இடறல் வரும். இரண்டு பெட்டிகளை, ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்கச் செய்யும் கார்ப் நெறிமுறையால் இணைத்து, பெரிய கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே முதன்மைப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். இணைப்பு அறாமல் தொடர்ந்தால் நிலை ஒத்திசைவு சரியாக வேலைசெய்கிறது. பதிப்பு மேம்படுத்தலைப் பாதியில் நிறுத்திப் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, இவை அனைத்தையும் அமைத்தவர் விடுப்பிலிருக்கும் நாளில், இன்னொருவர் எழுதிவைத்த குறிப்புகளை மட்டும் கொண்டு இதே ஒத்திகையைச் செய்யட்டும். நான்காவது சோதனையில் தோற்றால் முதல் மூன்றின் வெற்றியால் பயனில்லை.

மேற்கண்ட அளவுகோல்களின்படி என் தீர்ப்பு இது. ஃபயர்வாலைப் புரிந்துகொண்ட இரண்டு பேரை வைத்திருக்க முடியாத நிறுவனம், உரிமம் எதுவாயினும், பராமரிப்பு ஒப்பந்தத்தோடு வரும் பொருளையே வாங்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால், பிஎஃப்சென்ஸின் சமூகப் பதிப்பைக் கிளை அலுவலகங்களிலும் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம். தலைமை வாயிலுக்கு அதன் வெளியீட்டு இடைவெளி ஏற்றதல்ல. ஆண்டுக்கு இருமுறை ஜனவரியிலும் ஜூலையிலும் பெரும் பதிப்பு, இடையில் அடிக்கடி திருத்தங்கள், எளிய இரு பிரிவு பிஎஸ்டி உரிமம் என்ற வகையில் ஓபிஎன்சென்ஸ் அந்த இடத்துக்குப் பொருத்தமானது. அதன் வணிகப் பதிப்புக்குச் சந்தா கட்டி எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை. ஆனால் அதன் உரிமமும் மூடிய கிளைப்பை அனுமதிப்பதுதான். எனவே வெளியீட்டு நாள்களையும் உரிமக் கோப்பையும் ஆண்டுக்கொரு முறை மீண்டும் சரிபார்ப்பதை ஒப்பந்தப் புதுப்பித்தலோடு சேர்த்து நிறுவனத்தின் நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும்.