ஜேடர்பாளையத்து வரக்காப்பி

"ஏங்க, இந்த செயின் கடைங்க வந்துதானே நம்ம கைப்பக்குவக் காப்பி போச்சு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் பழைய கதையைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. வாய்க்கால் பாயும் காடெல்லாம் கரும்பு. கரும்பு இருந்தால் வெல்ல ஆலையும் இருக்கும். அதனால் எங்கள் அம்மாயி வைத்தது வெல்லம் போட்ட வரக்காப்பி. கொதிக்கிற பாலில் வெல்லம் விழுந்தால் திரிந்து போகலாம் என்பதால் பால் கிடையாது. பாலும் சீனியும் சேர்ந்த காப்பி விருந்தாளி வந்தால்தான். நாம் 'பாரம்பரியம்' என்கிற ஃபில்டர் காப்பி, எங்க வீட்டுக்கு டவுன் பழக்கம்.

இத்தனைக்கும் காப்பிச் செடி பக்கத்திலேயே இருந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் அதை நட்டார். சேலத்தில் 1926இல் நரசுஸ் தொடங்கியது. ஆனாலும் தோட்டக்காரர்கள் பெரிதும் நம்பியிருந்தது வெளிநாட்டுச் சந்தையைத்தான். 1930களின் மந்தத்தில் விலை விழுந்தது. உள்ளூரிலேயே குடிக்க ஆள் சேர்க்க வேண்டிய நிலை. 1935இல் காப்பி செஸ் சட்டம் வந்தது. 1936இல் பம்பாயில் முதல் இந்தியா காபி ஹவுஸ் திறந்தது. ஆக, நம் நாட்டின் பெரிய காப்பிக் கடைத் தொடர் பிறந்ததே தேங்கிய கொட்டையை விற்கத்தான்.

1950களில் காப்பி வாரியம் அந்தக் கடைகளை மூடப் பார்த்தது. வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ.கே.கோபாலன் துணையோடு கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். 1957இல் பெங்களூரில் தொடங்கியது. காப்பி ஆற்றியவர்களே கடைக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

பிறகு 1996இல் பெங்களூரில் கஃபே காபி டே, 2012இல் மும்பையில் ஸ்டார்பக்ஸ். எஸ்பிரெசோ இயந்திரம் சுமார் 9 பார் அழுத்தத்தில் அரை நிமிடத்தில் சாறு இறக்கிவிடும். பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். அங்கே பக்குவம் இயந்திரத்திலும் எழுதி வைத்த அளவிலும் இருக்கிறது; ஆளை மாற்றினாலும் ருசி மாறாது. இங்கே தூளின் பருமனையும் தண்ணீரின் சூட்டையும் பார்க்கிற ஆள்தான் பக்குவம்.

ஒரே ருசி கிடைப்பது குற்றமில்லை. பயணத்தில் அதுதான் தேவை. நான் பார்ப்பது வேறு: கடை ஒன்றா நூறா என்பதல்ல, போடுகிற கைக்கு அங்கே மதிப்பு உண்டா என்பது. 1957இல் நூறு கைகள் சேர்ந்தும் அது முடிந்தது.

இப்போது நெடுஞ்சாலைக் கடைகளில் 'வெல்லக் காப்பி' என்று பலகை தொங்குகிறது. இல்லாத வீட்டுக் காப்பிக்கு இன்று பாரம்பரிய விலை. சந்தோஷம்தான். ஆனா அந்த விலையில் ஆலைக்கொட்டாயில் கொப்பரையைக் கிண்டுகிறவருக்கு எவ்வளவு போகுதுன்னு கேட்டுட்டுத்தான் நான் டம்ளரைத் தூக்குவேன்.