கால்மாட்டில் இருந்தவர்கள்

என் அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப்போங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகு பதினொரு மாதம் உயிரோடு இருந்தார். அந்தப் பதினொரு மாதமும் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தவர், படுக்கைப்புண்ணுக்கு மருந்திட்டவர், மலமூத்திரம் எடுத்தவர், நடு இரவில் முனகல் கேட்டு எழுந்தவர் என் அண்ணி. கொள்ளி வைத்தது அண்ணன். அம்மாவின் சாவைக் கவிதையாக எழுதிப் பாராட்டு வாங்கியது நான். சனிக்கிழமை காலை பஸ் ஏறிப்போய், ஞாயிறு மாலை திரும்பிவிடுகிற மகளாகத்தான் அந்த மாதங்களில் இருந்தேன்.

கருமாதி முடிந்த இரவு, பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணியிடம் கேட்டேன். "நாங்க உங்களுக்கு என்ன செஞ்சிருக்கணும் அண்ணி?" பணம் என்று சொல்வார், அல்லது நன்றி என்று சொல்வார் என நினைத்தேன். "ஒரே ஒரு ராத்திரி முழுசாத் தூங்கியிருந்தாப் போதும்மா" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் சாவுப் படுக்கையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தலைமாட்டில் மருத்துவர்களும் மதகுருமார்களும் மகன்களும் நிற்கிறார்கள். கால்மாட்டில் உட்கார்ந்திருப்பவர்கள், ஏறக்குறைய எல்லாக் காலத்திலும், பெண்கள்.

1842இல் பிரான்சின் லியோன் நகரில் ழான் கார்னியே என்ற பெண் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். கணவனையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தவர் அவர். சங்கத்தில் சேர்ந்தவர்களும் கைம்பெண்கள். குணமாகாத புற்றுநோயால் புண்பட்டு, வேறெங்கும் சேர்த்துக்கொள்ளப்படாத ஏழைப் பெண்களை அவர்கள் பராமரித்தார்கள். நம் ஊரில் தாலியறுத்தவள் எதிரே வந்தால் சகுனம் பார்த்த காலம் அது. லியோனின் கைம்பெண்களோ தங்கள் இழப்பையே ஒரு தகுதியாக்கிக்கொண்டார்கள். 1879இல் டப்ளினில் ஐரிஷ் கன்னியாஸ்திரிகள் இறப்போருக்கான இல்லம் ஒன்றைத் திறந்தார்கள். அதே சபை 1905இல் லண்டனின் ஹாக்னி பகுதியில் செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தைத் தொடங்கியது.

அந்த இல்லத்துக்கு 1958இல் வந்தவர் சிசிலி சாண்டர்ஸ். அவர் முதலில் செவிலியாகப் பயிற்சி பெற்றவர். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். போலந்திலிருந்து அகதியாக வந்திருந்த டேவிட் தாஸ்மா என்ற நோயாளி 1948இல் இறந்தபோது, சிசிலி கட்டப்போகும் இல்லத்தில் ஒரு சன்னலாக இருக்கட்டும் என்று 500 பவுண்டு விட்டுச் சென்றார். சாவின் அருகிலிருப்போர் வலியில் துடிப்பதைப் பற்றி ஒரு செவிலி பேசினால் யார் காது கொடுப்பார்கள்? மருத்துவம் படி என்று ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆலோசனை சொல்ல, முப்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957இல் மருத்துவரானார்.

வலி வந்து, நோயாளி கெஞ்சிய பிறகு மருந்து கொடுப்பது அன்றைய மருத்துவமனை வழக்கம். வலி வருவதற்கு முன்பே, மணிக்கணக்கு வைத்து மார்ஃபினை வாய்வழியாகக் கொடுத்துவந்தால் நோயாளி தெளிவாகவும் நிம்மதியாகவும் இருக்கிறார் என்பதைச் சிசிலி நிறுவினார். ஆனால் இதை அவர் முதலில் கண்டது எந்த ஆய்வகத்திலும் இல்லை. செயின்ட் லூக்ஸ் என்ற லண்டன் இல்லத்தில் மாலை நேரங்களில் தன்னார்வச் செவிலியாக வேலை பார்த்தபோது, அங்கிருந்த செவிலியர் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்களின் கைப்பழக்கமாக இருந்த அறிவு, ஒருத்தி டாக்டரான பிறகே மருத்துவம் என்று பெயர் பெற்றது.

1967இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ்தான் இன்றைய நோய்த்தணிப்புப் பராமரிப்பின் தாய்வீடு. உடல், மனம், உறவு, நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததே வலி என்றார் அவர். அதனால் நோயாளியைப் போலவே குடும்பமும் பராமரிக்கப்பட வேண்டும் என்பது அங்கே விதியானது. 1969இல் அங்கிருந்து செவிலியர் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். இறப்புக்குப் பிறகும் குடும்பத்தைத் தொடர்ந்து விசாரித்தார்கள். யேல் பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரித் தலைவர் ஃபுளோரன்ஸ் வால்ட் சிசிலியின் உரையைக் கேட்டு, பதவியை விட்டு விலகி, அமெரிக்காவின் முதல் ஹாஸ்பிஸ் 1974இல் கனெக்டிகட்டில் உருவாகக் காரணமானார். 1982இல் அந்நாட்டு அரசு முதியோர் காப்பீட்டில் ஹாஸ்பிஸைச் சேர்த்தபோது ஒரு சிறிய ஏற்பாடும் உடன் வந்தது. வீட்டில் கவனித்துக்கொள்பவர் இளைப்பாறுவதற்காக, நோயாளியை ஒரு தடவைக்கு 5 நாள் வரை இல்லத்தில் சேர்க்கலாம். இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அண்ணி கேட்ட ராத்திரி அங்கே சட்டமாகவே இருந்தது.

நம் பக்கத்திலும் இந்த வரலாறு ஒரு பெண்ணின் துக்கத்தில்தான் தொடங்குகிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, பல ஆண்டு விடாமல் போராடி 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். குணமாகாதவர்களுக்கென்றே ஓர் இல்லம் இந்தியாவில் வர மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த போதைப்பொருள் தடைச் சட்டம் மார்ஃபினைப் பல உரிமங்களுக்குள் பூட்டிவிட்டது. வழக்குக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வாங்குவதையே நிறுத்தின. 2014இல் சட்டம் திருத்தப்படும் வரை எத்தனை வீடுகளில் எத்தனை மருமகள்கள் அந்த அலறலை மட்டும் கேட்டுக்கொண்டு விழித்திருந்திருப்பார்கள்!

1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பு வேறொரு வழி காட்டியது. அக்கம்பக்கத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, செவிலியரோடு வீடு வீடாகப் போனார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு உண்டு. அதில் வாசல் தேடி வருகிறவர்கள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். அவர்கள் வாங்குவதன் பெயர் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை.

இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. வீட்டில், உறவுகள் சூழச் சாவதே நல்ல சாவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வீடு என்றால் யார்? அண்ணி தையல் வேலையை விட்டாரே, அதை யார் கணக்கில் எழுதினார்கள்? "மகராசி, மாமியாரைக் குழந்தை மாதிரிப் பாத்துக்கிட்டா" என்ற ஒரு சொல்லில் ஊர் அவர் கணக்கைத் தீர்த்துவிட்டது. குடும்பத்தைத் தாங்குவோம் என்று ஹாஸ்பிஸ் சொன்னதன் பொருளை, குடும்பமே தாங்கிக்கொள்ளட்டும் என்று நாம் மாற்றிப் படித்துவிடக் கூடாது.

தொல்காப்பியம் காஞ்சித் திணையில் 'தொடாஅக் காஞ்சி' என்றொரு துறை சொல்கிறது. போரில் புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் நெருங்காமல் மனைவி காப்பது. புறநானூற்றின் 281ஆம் பாட்டு, அரிசில் கிழார் பாடியது, இந்தத் துறையில் வருகிறது. பல ஆண்டுகள் அதை வீட்டில் செருகிய வேப்பிலைக்காகவும், சிதறிய வெண்கடுகுக்காகவும், யாழுக்கும் நறும்புகைக்கும் மட்டுமே நடத்தியிருக்கிறேன். மாணவிகள் குறிப்பெடுப்பார்கள், தேர்வில் எழுதுவார்கள். அம்மாவின் சாவுக்குப் பிறகு நடத்தியபோதுதான் கவனித்தேன். அந்தப் பாட்டில் பேசுகிறவள் தனியாகக் காக்கவில்லை. இன்னொரு பெண்ணை, தன் தோழியை, வா என்று அழைக்கிறாள்.

என் அண்ணி யாரையும் அழைக்கவில்லை. அழைக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அழைக்காமலே போயிருக்க வேண்டியவள் நான்.

இப்போது அண்ணியின் அம்மா படுக்கையில் இருக்கிறார். மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் நான் அங்கே போகிறேன். இரவு பத்து மணி மருந்து, இரண்டு மணிக்குப் புரட்டிப்போடுவது, விடிகாலையில் துணி மாற்றுவது. முதல் தடவை எனக்கு ஒன்றும் சரியாகச் செய்ய வரவில்லை. அண்ணி எழுந்து வந்து சொல்லிக்கொடுத்தார். இப்போது எழுந்து வருவதில்லை. பக்கத்து அறையில் தூங்குகிறார்.