‘ஆர்’ எண் வருவதற்கு முன்

வாலாஜாபாத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்தே எனக்கு வயதாகிவிட்டது. ஒரு சாமான் எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்பதை அதன் பின்பக்கம் பார்த்தே சொல்லிவிடுவேன்.

உள்ளூர் சாமானுக்கு அந்தக் காலத்திலேயே ஒரு காவல் இருந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கான சட்டம் 1952இல் வந்தது. முதலில் விரும்பிய கம்பெனி வாங்கிக்கொண்டது. 1981 ஆணைதான் அயர்ன் பாக்ஸ் போன்ற சில வீட்டுச் சாதனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது.

ஃபாரின் செட்டின் கதை வேறு. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் அமைந்தது. அங்கே வாங்கியதும், சிங்கப்பூரிலிருந்து பெட்டியில் வந்ததும் எங்கள் மேஜைக்குத்தான் கடைசியில் வந்து சேரும். கஸ்டம்ஸில் தீர்வை கேட்டார்கள். ஷாக் அடிக்குமா என்று கேட்பார் இல்லை. ஜப்பான் ஊருக்கான 100 வோல்ட் செட்டை நம் 230 வோல்ட்டில் சொருகுவார்கள், டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். சிங்கப்பூர் பிளக்கின் பட்டைக் கால்கள் நம் சாக்கெட்டில் நுழையாது. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் ஒயரை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவார்கள். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதைப் பார்த்தால் எனக்குக் குலை நடுங்கும்.

கட்டாய முத்திரை உள்ள பொருள்களை இறக்குமதி செய்தாலும் அதே தரம் வேண்டும் என்று 2000 நவம்பரில் உத்தரவு வந்தது. ஆனால் கம்ப்யூட்டர் சாமான், அடாப்டர் எல்லாம் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. 1997இல் இந்தியா சேர்ந்த உலக ஒப்பந்தப்படி, தகவல் தொழில்நுட்பப் பொருள்கள் பலவற்றின் சுங்கவரி 2005க்குள் பூஜ்யமாகிவிட்டது. கதவு முழுசாகத் திறந்தது. வாசலில் ஆள் இல்லை.

அந்த நாளில் வந்த மலிவு அடாப்டர்களை நிறையப் பிரித்திருக்கிறேன். போர்டில் 230 வோல்ட் ஓடும் பிரைமரிக்கும், கை படும் செகண்டரிக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். பலவற்றில் நகக்கண் அளவுகூட இருக்காது. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரே சுற்று டேப். சோதனைக்கூடத்தில் இந்த இடைவெளிக்குக் குறுக்கே 3000 வோல்ட்டை ஒரு நிமிஷம் கொடுத்துப் பார்ப்பார்கள். இவை அந்த நிமிஷத்தைத் தாண்டியிருக்காது.

2012இல் வந்த கட்டாயப் பதிவு ஆணைதான் இதை மாற்றியது. 2013 ஜூலை 3 முதல் லேப்டாப், பிரிண்டர், மைக்ரோவேவ், செட்டாப் பாக்ஸ் என்று 15 வகைப் பொருள்கள் அதில் அடங்கின. அடாப்டரும் செல்போனும் 2014 நவம்பரில் வந்த அடுத்த பட்டியலில். இந்த ஆணையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: பதிவு எண் கம்பெனி பெயருக்கல்ல, ஒவ்வொரு தொழிற்சாலையின் விலாசத்துக்கும் தனித்தனியாக. மாதிரி இந்தியாவிலுள்ள அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தில் தேற வேண்டும். வெளிநாட்டுத் தொழிற்சாலையானால், இங்கே பொறுப்பேற்க ஒரு பிரதிநிதியைக் காட்ட வேண்டும். தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு முதன்முறையாக ஒரு பதில் கிடைத்தது.

அதே விதி நம் பக்கத்துத் தொழிற்சாலைக்கும் உண்டு. 2006இல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பரில் நின்றது. அந்த இடத்தை 2019இல் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கியது. சீனாவின் ஷென்ஜென் சார்ஜருக்கு வேண்டிய பதிவு எண் ஸ்ரீபெரும்புதூர் சார்ஜருக்கும் வேண்டும். நம் பெண்பிள்ளைகள் ஷிப்ட் பஸ் ஏறிப் போய்ச் செய்யும் பொருளும் அதே சோதனையில் தேறித்தான் விற்பனைக்கு வருகிறது என்பது எனக்குப் பெருமை.

இப்போது யார் சார்ஜர் கொண்டுவந்தாலும் முதலில் லென்ஸில் அந்தப் பதிவு எண்ணை, ‘ஆர்’ எழுத்துக்குப் பின்னுள்ள எட்டு இலக்கத்தைப் படிக்கிறேன். தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் செய்த தொழிற்சாலையின் பெயர் வரும். லேபிளில் உள்ள பெயரும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சார்ஜரை நான் ரிப்பேர் செய்து கொடுப்பதில்லை.