ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து: பழைய நூல்களும் வீரர் நினைவுக்குறிப்புகளும்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் முதல் விதிகள் 1859-இல் மெல்போர்னில் எழுதப்பட்டன. இவ்விளையாட்டின் பழைய நூல்களையும் வீரர் நினைவுக்குறிப்புகளையும் ரசிகர்கள் தேடிச் சேர்ப்பதைப் பழமை மோகம் என்று ஒதுக்குவது தவறு. அது வரலாற்று உணர்வு. ரிச்மண்ட் அணிக்காக 1931 முதல் 1949 வரை ஆடிய ஜாக் டயரின் ஆட்டங்கள் தொலைக்காட்சிக்கு முந்தியவை. அவர் அடித்த கோல்களைப் பதிவேடுகள் சொல்லும். அந்தக் களத்தின் முரட்டுத்தனத்தையும் வீரர்களின் மனநிலையையும் 1965-இல் வெளிவந்த அவரது 'கேப்டன் பிளட்' போன்ற நூல்களில்தான் தேட வேண்டும்.

இத்தகைய நூல்களில் பத்திரிகையாளரின் கைவண்ணமும் தற்பெருமையும் கலந்திருக்கும் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் எல்லா நூல்களும் அவ்வகையல்ல. நார்த் மெல்போர்ன் அணியோடு 1977 பருவத்தைக் கழித்து, பயிற்சியாளர் ரான் பராசியைக் கூர்ந்து கவனித்து ஜான் பவர்ஸ் எழுதிய 'தி கோச்' (1978), வெளியாள் ஒருவரின் நேரடிச் சாட்சியம். இறுதிப்போட்டி சமனில் முடிந்து, மறு ஆட்டத்தில் அந்த அணி கோப்பை வென்ற பருவம் அது. மற்ற நூல்களில் உள்ள மிகைப்படுத்தலும்கூட, ஒரு தலைமுறை எதை வீரமாக மதித்தது என்பதற்குச் சான்றே. அதை அக்கால நாளிதழ்களோடு ஒப்பிட்டுப் படிக்கும் ரசிகர், அந்த விளையாட்டின் நினைவை மட்டுமன்றி அதன் உண்மையையும் காக்கிறார்.