சிக்காகோவும் நியூயோர்க்கும்: வானளாவிகளை வரைந்த சட்டங்கள்

வானளாவிய கட்டடங்களின் வரலாறு பெரும்பாலும் பொறியியலின் வெற்றி வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1857இல் எலிஷா ஓற்றிஸ் நியூயோர்க்கில் பொருத்திய பயணிகள் உயர்த்தியும், 1885இல் வில்லியம் லி பாரன் ஜென்னி சிக்காகோவில் உலோகச் சட்டகத்தைக் கொண்டு எழுப்பிய பத்து மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடமும் அவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளாகக் காட்டப்படுகின்றன. இது தவறன்று. ஆயினும் ஒரே வகை உயர்த்தியையும் ஒரே வகை உருக்கையும் கையாண்ட இவ்விரு நகரங்களும் 1910ஆம் ஆண்டளவில் முற்றிலும் வேறுபட்ட தோற்றம் கொண்டிருந்தமைக்குப் பொறியியல் மட்டும் விடை கூறாது. சிக்காகோவின் நடுப்பகுதி ஏறத்தாழ ஒத்த உயரமுடைய கனத்த பெட்டிகளின் வரிசையாக இருந்தது. மான்ஹற்றனின் தென்முனையிலோ கோபுரங்கள் ஒன்றையொன்று விஞ்சி நின்றன. மான்ஹற்றனின் பாறை நிலமே அதன் உயரத்துக்குக் காரணமென்பாரும் உளர். சிக்காகோவின் மென்களிமண் மீதும் பின்னர் அதனினும் உயர்ந்தவை எழுந்தமையை அவர்கள் மறந்துவிடுகின்றனர். நிலத்தின் விலையையும், அவ்விலைக்கு எல்லை வகுத்த அன்றேல் வகுக்காது விட்ட சட்டத்தையும் நோக்கின் உண்மை புலப்படும்.

1871ஆம் ஆண்டுப் பெருந்தீ சிக்காகோவின் நடுப்பகுதியை அழித்தது. ஏரியும் ஆறும் புகையிரதப் பாதைகளும் சூழ்ந்த அச்சிறு பரப்பு மீண்டும் கட்டப்பட்டபோது காணி விலை விரைந்து ஏறியது. விலை ஏறவே மாடிகளும் ஏறின. 1891இல் முற்றுப்பெற்ற மொனாட்நொக் கட்டடத்தின் வடபாதியில் 16 மாடிகளைத் தாங்குவதற்காகச் செங்கற் சுவர்கள் அடியில் ஏறத்தாழ 6 அடி தடிப்புடன் அமைக்கப்பட்டன. 1893இல் முடிந்த தென்பாதியை உருக்குச் சட்டகமே தாங்கியது. சிக்காகோ, உயரச் செல்லும் வழியைக் கண்ட அதே 1893இல், 130 அடிக்கு மேல் கட்டுதலாகாது என விதித்தது. தீப்பற்றிய அச்சமும் இருண்ட தெருக்கள் பற்றிய முறைப்பாடும் இதற்குக் காரணங்களாயின. வாடகைக்கு விடப்படாத அலுவலக அறைகள் பெருகியிருந்தமையால், ஏற்கனவே உயரக் கட்டிமுடித்தவர்களுக்கும் இவ்விதி கசக்கவில்லை. பின்னர் எல்லை பன்முறை உயர்ந்தும் தாழ்ந்தும் வந்தது. உயரம் மறுக்கப்பட்டவர் காணி முழுவதையும் நிரப்பி, நடுவே வெளிச்சத்துக்கென முற்றம் விட்டுக் கட்டினர். மின்விளக்கு வலுக்குன்றியிருந்த அக்காலத்தில் யன்னலுக்குத் தொலைவான மேசைக்கு வாடகை கிடைப்பதரிது.

நியூயோர்க்கில் இத்தகைய உயர எல்லை இருக்கவில்லை. 1908இல் சிங்கர் கட்டடம் 612 அடியும், 1909இல் மெற்றோபொலிற்றன் லைவ் கோபுரம் 700 அடியும், 1913இல் வூல்வேர்த் கட்டடம் 792 அடியும் எட்டின. இவை கம்பனிகளின் விளம்பரமாகவும் விளங்கின. 1915இல் எழுந்த எக்குயிற்றபிள் கட்டடம் வேறுவகையானது. ஏறத்தாழ ஓர் ஏக்கர் காணியில், தெருவோரத்திலிருந்து சற்றும் பின்வாங்காது 538 அடி உயர்ந்து, ஏறத்தாழ 12 இலட்சம் சதுர அடி தளப்பரப்பை அது அடக்கியது. அதன் நிழல் 7 ஏக்கர் வரை பரவியது. அயல் கட்டடங்களின் வாடகை வீழ்ந்தது. ஒருவரின் வெளிச்சத்தை எடுத்தே மற்றவர் தம் காணியின் பெறுமதியைப் பெருக்கினார் என்பது அப்போது எவருக்கும் கண்கூடாயிற்று.

1916 யூலையில் வலயச் சட்டம் வந்தது. எக்குயிற்றபிள் கட்டடமே அச்சட்டத்தைப் பிறப்பித்தது என்பது மிகைக்கூற்று. உயரத்தை ஆராயும் ஆணைக்குழு 1913இலேயே நியமிக்கப்பட்டிருந்தது. வெளிச்சம், காற்று ஆகியவற்றின் பெயரால் வந்த அச்சட்டத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. ஐந்தாம் அவென்யூவின் செல்வந்த வணிகர், அருகிலிருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர் நண்பகலில் தெருவில் திரள்வதை வெறுத்தனர். அத்தொழிலாளரிற் பெரும்பாலோர் கிழக்கைரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகள். குறித்த எல்லையை விட்டு அகலாத உற்பத்தியாளரிடம் பொருள் வாங்கோம் என 1916இல் வணிகர் பத்திரிகைகளில் விளம்பரமே செய்தனர். கட்டடங்களின் உயரத்தை ஒழுங்கு செய்த அதே சட்டம், எத்தொழில் எத்தெருவில் நடக்கலாம் என்பதையும் வகுத்தது. நிழலுக்கு எதிரான வழக்கில் ஏழைத் தொழிலாளரும் நிழலோடு சேர்த்தே எண்ணப்பட்டனர் எனல் பொருந்தும்.

இச்சட்டப்படி, குறித்த உயரத்துக்கு மேல் கட்டடம் படிப்படியாகப் பின்வாங்க வேண்டும். காணியின் காற்பங்கில் மட்டும் எல்லையின்றி உயரலாம். 1931இல் திறக்கப்பட்ட 1250 அடி எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தின் படிக்கட்டு வடிவம் இவ்விதியின் விளைவேயாகும். பொருளாதார மந்தம் சூழ்ந்த அவ்வாண்டில் அதன் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது. 1923இல் கோபுரங்களுக்கு இடங்கொடுத்த சிக்காகோவிலும் 1930இல் வணிகச் சபைக் கட்டடம் 605 அடியைத் தொட்டது. ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் 1931இல் இடிக்கப்பட்டது. வானளாவிகளின் தாயெனப் போற்றப்பட்டதற்கும் காணி விலை சலுகை காட்டவில்லை.

1961இல் நியூயோர்க் புதிய விதியொன்றை இயற்றி, தரையில் திறந்தவெளி விட்டவருக்கு மேலதிக தளப்பரப்பை வழங்கியது. சிக்காகோவில் வங்காளத்தவரான பஸ்லூர் ரஹ்மான் கான் ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகப் பிணைத்து வடிவமைத்த 1450 அடி சியேர்ஸ் கோபுரம், 1970களில் நியூயோர்க்கை உயரத்தில் வென்றது. அவ்வெற்றியும் நிலைக்கவில்லை. இன்று மான்ஹற்றனில், அயல் கட்டடங்கள் பயன்படுத்தாதுவிட்ட உயரத்தின் உரிமை விலைக்கு வாங்கப்பட்டு, ஒடுங்கிய வதிவிடக் கோபுரங்கள் எழுகின்றன. அவற்றுள் ஒன்று 1550 அடி உயரமான சென்ரல் பார்க் கோபுரம். மாரிகால நண்பகல்களில் இக்கோபுரங்களின் நிழல் நகரின் பொதுப் பூங்காவினுள் வடக்கு நோக்கி நெடுந்தூரம் விழுகின்றது.