உயர் இன்பமும் தாழ் இன்பமும்

உயர் இன்பம், தாழ் இன்பம் என்பது பயன்முதல்வாத மெய்யியலில் ஜான் ஸ்டூவர்ட் மில் (1806 - 1873) முன்வைத்த பாகுபாடு ஆகும். அறிவு, கற்பனை, அறவுணர்வு ஆகியவற்றால் பெறும் இன்பங்கள், உடல் சார்ந்த இன்பங்களைவிடத் தரத்தில் மேலானவை என்பது இதன் சாரம்.

பின்னணி

பயன்முதல்வாதத்தின் முன்னோடியான ஜெரமி பெந்தாம் (1748 - 1832) இன்பத்தைச் செறிவு, கால நீட்சி போன்ற அளவுகளால் மதிப்பிட்டார். சிறுவர் விளையாட்டு ஒன்றும் கவிதையும் சம இன்பம் தருமாயின், இரண்டும் சமமே என்பது அவர் நிலைப்பாடு. இது பன்றிகளுக்கு உரிய மெய்யியல் என்று எதிர்ப்பாளர்கள் இகழ்ந்தனர். 1861இல் இதழில் வெளியாகி 1863இல் நூலான "பயன்முதல்வாதம்" என்ற படைப்பில் மில் இதற்கு விடையளித்தார்.

தகுதியுள்ள நடுவர்

இரு இன்பங்களையும் நுகர்ந்தவர்களே நடுவர்கள். அவர்களுள் பெரும்பாலோர், மற்றதை எவ்வளவு கொடுத்தாலும் விட்டுக்கொடுக்காத இன்பம் எதுவோ அதுவே உயர்ந்தது.

திருவில்லிபுத்தூரை எடுத்துக்கொள்ளலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும், ஆண்டாளின் திருப்பாவையும் இவ்வூருக்கு உரியவை. இரண்டையும் சுவைத்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. எத்தனை கிலோ பால்கோவாவுக்கும் பாசுரத்தை ஈடாகக் கருதாதவர்களே அவர்களுள் மிகுதி எனில், மில்லின் அளவுகோலில் பாசுரம் உயர் இன்பமாகும். ஆனால் திருப்பாவையே இப்பிரிவினையைச் சிக்கலாக்குகிறது. இரண்டாம் பாசுரத்தில் நோன்புக்காக நெய்யும் பாலும் விலக்கப்படுகின்றன. இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் வழியும் பால்சோற்றை அனைவரும் கூடி உண்கின்றனர். அன்பும் பக்தியும் கலந்த இந்த உணவை வெறும் நாவின் இன்பம் எனத் தள்ள இயலாது.

பொதுவாழ்வில்

இராசபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா (1898 - 1957) 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தார். அவர் தம் இல்லத்தைக் கலைப்பணிக்கு வழங்கினார். அது காந்தி கலைமன்றம் ஆயிற்று. அவ்வில்லத்தைக் கலைக்கு அளிப்பதா, பசி தீர்க்கும் பணிக்கு அளிப்பதா என்ற வினா எழுந்தால், பெந்தாமின் கணக்கும் மில்லின் கணக்கும் வேறுபடக்கூடும்.

அவ்வூரின் நூற்பாலையில் இரவுப்பணி முடித்த தொழிலாளி கச்சேரியைவிட உறக்கத்தை விரும்பினால், கச்சேரி தாழ்ந்ததாகிவிடாது. உயர் இன்பத்தை நுகரும் ஆற்றல் மென்மையான செடி போன்றது, நேரமும் வாய்ப்பும் இன்றேல் வாடிவிடும் என்பது மில்லின் விளக்கம்.

திறனாய்வு

இன்பத்தின் அளவு தவிர வேறொன்றால் தரம் பிரித்தால் அது இன்பவாதமே அன்று என்று ஹென்றி சிட்ஜ்விக் 1874இல் வாதிட்டார். நடுவர் யார் என்பதும் சிக்கலே. மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கும்பினியில் பணியாற்றியவர். இப்பகுதி 1801 முதல் அக்கும்பினியின் ஆட்சியில் இருந்தது. 1859இல் வெளியான "சுதந்திரம் பற்றி" என்னும் நூலில், தாம் பின்தங்கியவை எனக் கருதிய சமூகங்களுக்குத் தம் சுதந்திரக் கோட்பாடு பொருந்தாது என அவர் எழுதினார்.